ஆப்பிரிக்க சஃபாரி: எந்தக் காடு, எந்த மாதம், எத்தனை நாள்?

சஃபாரி போகலாம் என்று வீட்டில் முடிவானதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "மசாய் மாராவா, செரங்கெட்டியா, குரூகரா?" என்பதுதான். (மூன்றும் முறையே கென்யா, தான்சானியா, தென்னாப்பிரிக்காவில் இருக்கும் காடுகள்.) அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி என்பேன். ஒரே பூங்கா பிப்ரவரியில் ஒரு காடு, ஆகஸ்டில் வேறொரு காடு. மாரா சமவெளியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு சிறுத்தை படுத்திருந்தால் அதைச் சுற்றி வண்டிக் கூட்டம் நிற்கும். அதே சிறுத்தை அந்தப் பக்கம் போய்ப் படுத்தால் இரண்டு மூன்று வண்டிகள்தான் நிற்கும். பெயர் ஒன்றுதான், கிடைக்கும் அனுபவம் வேறு. அதனால் மாதம், விலங்கு, நிலத்தின் விதிகள், கூட வருபவர்கள், நாட்கள், பணம் என்று வரிசையாக யோசித்துக்கொண்டு வந்தால் பூங்காவின் பெயர் கடைசியில் தானாகவே வந்து நிற்கும். பெயரை முதலில் பிடித்துக்கொண்டு மற்றதை அதற்குள் திணிக்கும்போதுதான் செலவுக்கேற்ற பயணம் அமையாமல் போகிறது.

முதல் படி: மாதத்தை முடிவு செய்யுங்கள்

பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மாதத்தை நிர்ணயிப்பது பள்ளி விடுமுறை. அதை வைத்தே பார்ப்போம்.

ஏப்ரல் கடைசியும் மே மாதமும் நம் ஊரில் கோடை விடுமுறை. கென்யாவிலும் தான்சானியாவிலும் மார்ச் முதல் மே வரை நீண்ட மழைக்காலம். மாராவின் பல பகுதிகளில் இருப்பது கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலைப் போன்ற மண். நனைந்துவிட்டால் நான்கு சக்கரமும் சுழலும் வண்டிகூடப் புதைந்துவிடும். சில முகாம்களை இந்த மாதங்களில் மூடியே வைத்திருப்பார்கள். ஏஜெண்டுகள் "மே மாதச் சலுகை" என்று பாதி விலைக்குக் கொடுப்பது இதனால்தான். மழை பெய்தால் பெய்யட்டும், பசுமையும் கூட்டமின்மையும் போதும் என்பவர்கள் தாராளமாக வாங்கலாம். முதல் தடவை போகும் குடும்பத்துக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

மே மாதத்துக்கு ஆப்பிரிக்காவின் தென்பாதியைப் பாருங்கள். தென்னாப்பிரிக்கா, நமீபியா, போட்ஸ்வானாவில் ஏப்ரலோடு மழை ஓய்ந்துவிடும். புல் காய ஆரம்பிக்கும், கொசு குறையும், பகல் வெயில் இதமாக இருக்கும். விடியற்காலையில் திறந்த வண்டியில் போகும்போது மட்டும் குளிர் எலும்பைத் தொடும். ஸ்வெட்டரும் காதை மூடும் குல்லாவும் கட்டாயம். கோடை விடுமுறையில் போகிற தமிழ்நாட்டுக் குடும்பத்துக்குக் குரூகர்தான் இயல்பான தேர்வு. ஆனால் நம் ஊர் விளம்பரங்கள் எல்லாம் மாராவையே காட்டுகின்றன.

காலாண்டு விடுமுறை, அதாவது செப்டம்பர் கடைசியும் அக்டோபர் தொடக்கமும், வருடத்திலேயே மிகச் சிறந்த நேரம். கிழக்கிலும் தெற்கிலும் காடு வறண்டு கிடக்கும். தண்ணீர் இருக்கும் இடத்துக்கு விலங்குகள் வந்தே ஆக வேண்டும். இலை உதிர்ந்த புதர்களுக்குள் பார்வை தடையில்லாமல் ஊடுருவும். வைல்ட்பீஸ்ட் (மாடு போன்ற பெரிய மான்) கூட்டம் இன்னும் மாராவில் இருக்கும். போட்ஸ்வானாவின் சோபே ஆற்றங்கரையில் யானைகள் திரளும். சாம்பியா, ஜிம்பாப்வே பக்கம் மட்டும் அக்டோபர் வெயில் நாற்பது டிகிரியைத் தொடும். ஏசி இல்லாத கூடாரத்தில் மதிய நேரத்தைக் கழிக்க முடியுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் அரையாண்டு விடுமுறை கொஞ்சம் சிக்கல். கிறிஸ்துமஸ் வாரத்தில் எல்லா இடத்திலும் விலை உச்சத்தில் நிற்கும். தெற்கில் அது கொட்டும் கோடை மழைக்காலம். புல் இடுப்பளவு வளர்ந்திருக்கும், படுத்திருக்கும் சிங்கம் பத்தடி தூரத்தில்கூடக் கண்ணில் படாது. ஆனால் வலசை வரும் பறவைகளும் இம்பாலா மான் குட்டிகளும் அப்போதுதான் நிறைந்திருக்கும். பறவை பார்ப்பவர்களுக்கு அது பொற்காலம். மற்றவர்கள் தான்சானியாவின் தென் செரங்கெட்டியைப் பார்க்கலாம். குறுமழை ஓய்ந்து மந்தைகள் அங்கே வந்து சேரும் சமயம் அது.

லண்டன், பாரிஸ், டொரொன்டோவில் இருப்பவர்களுக்கு ஜூலை, ஆகஸ்ட் விடுமுறை. பருவம் அருமையாக இருக்கும், கூட்டமும் விலையும் அதே அளவுக்கு இருக்கும். மாராவையே பிடித்துத் தொங்காமல் சாம்பியாவின் தெற்கு லுவாங்வாவையோ ஒகவாங்கோவையோ விசாரித்துப் பாருங்கள்.

ஒகவாங்கோவின் கணக்கு விசித்திரமானது. அங்கோலாவின் மேட்டு நிலத்தில் வருடத் தொடக்கத்தில் பெய்யும் மழை, மாதக்கணக்கில் மெல்ல இறங்கி வந்து, போட்ஸ்வானாவில் ஒரு சொட்டு மழை இல்லாத ஜூன் முதல் ஆகஸ்ட் வரை டெல்டாவை நிரப்புகிறது. சுற்றிலும் பாலை வறண்டு கிடக்க, நடுவில் மட்டும் வெள்ளம். மொகோரோ என்கிற ஒல்லிப் படகில் நாணல்களுக்கு நடுவே போக வேண்டுமென்றால் இந்த மாதங்கள்தான்.

மந்தைகளின் இடப்பெயர்ச்சியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வைல்ட்பீஸ்டுகளும், கூடவே வரிக்குதிரைகளும் மான்களும் செரங்கெட்டி–மாரா சமவெளியில் வருடம் முழுவதும் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. ஜூலை முதல் அக்டோபர் வரை மாரா ஆற்றைக் கடக்கும் காட்சிக்குத்தான் உலகமே ஓடுகிறது. என் மனம் நாடுவது ஜனவரி கடைசி முதல் மார்ச் தொடக்கம் வரையிலான தென் செரங்கெட்டியை, ந்டூட்டு பக்கத்தை. ங்கோரோங்கோரோ மேட்டு நிலத்து எரிமலைகள் கக்கிய சாம்பல் அங்கே படிந்து மண்ணுக்குக் கால்சியமும் பாஸ்பரசும் கொடுத்திருக்கிறது. அடியில் மண் இறுகிப்போனதால் மரம் வேர்விட முடியாது, குட்டைப் புல் மட்டும்தான். பால் கொடுக்கும் தாய்க்கு அந்தப் புல்லில் சத்து அதிகம். அதனால்தான் மந்தை முழுவதும் குட்டி போட அங்கே வருகிறது, பெரும்பாலான குட்டிகள் இரண்டு மூன்று வாரங்களுக்குள் பிறந்துவிடுகின்றன. விழுந்த குட்டி சில நிமிடங்களில் எழுந்து தள்ளாடி ஓடப் பார்க்கும். சிவிங்கியும் (சீட்டா) கழுதைப்புலியும் காத்திருக்கும். மரமில்லாத வெளி என்பதால் எல்லாம் கண் முன்னே நடக்கும்.

இரண்டாம் படி: எதைப் பார்க்கப் போகிறீர்கள்?

சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை என்ற 'பிக் ஃபைவ்' பட்டியல் துப்பாக்கியோடு நடந்துபோன வேட்டைக்காரர்கள், எது ஆபத்தானது என்று போட்ட பட்டியல். உங்கள் ஆசைப் பட்டியல் வேறாக இருக்கலாம். வீட்டில் எல்லோரையும் ஆளுக்கு இரண்டு விலங்கு எழுதச் சொல்லுங்கள். பூங்காக்களின் எண்ணிக்கை அங்கேயே பாதியாகக் குறையும்.

சிறுத்தை என்றால் தென்னாப்பிரிக்காவின் சாபி சாண்ட். தலைமுறை தலைமுறையாக வண்டிகளைப் பார்த்துப் பழகிய சிறுத்தைகள் அங்கே உண்டு. தெற்கு லுவாங்வாவும் அதற்கு இணை. அங்கே இரவுச் சவாரி அனுமதி உண்டு என்பது கூடுதல் வசதி. சிவிங்கிக்குத் திறந்தவெளி வேண்டும், அதனால் மாராவும் தென் செரங்கெட்டியும். (2022 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டுக்கு வந்த முதல் எட்டுச் சிவிங்கிகள் நமீபியாவைச் சேர்ந்தவை. அடுத்த பன்னிரண்டும் தென்னாப்பிரிக்காவிலிருந்து 2023 பிப்ரவரியில் வந்தன.)

யானைக்குக் கென்யாவின் அம்போசெலி. 392 சதுர கிலோமீட்டர்தான், சின்னப் பூங்கா. கிளிமஞ்சாரோவின் நீர் நிலத்தடியில் வந்து அங்கே சதுப்பாக ஊறுகிறது. அந்த ஈரத்துக்காக யானைகள் தினமும் தூசி பறக்க வந்து இறங்கும். 1972 முதல் அந்த யானைக் குடும்பங்களை ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாக அடையாளம் வைத்துப் பின்தொடர்ந்து வருகிறார்கள். மலை தெரிய வேண்டுமென்றால் விடியற்காலை, இல்லாவிட்டால் மாலை. பகலில் மேகம் மூடிவிடும். தான்சானியாவின் டரங்கிரேயும் யானைக்குப் பேர்போனது, ஆனால் ஜூலை முதல் அக்டோபர் வரைதான். மழை வந்ததும் யானைகள் வெளியே பரவிவிடும்.

காண்டாமிருகத்தை நிச்சயமாகப் பார்க்க வேண்டும் என்பவர்கள் கென்யாவில் ஓல் பெஜெட்டாவையோ நகுரு ஏரியையோ சேர்த்துக்கொள்ளுங்கள். உலகில் எஞ்சியிருக்கும் கடைசி இரண்டு வட வெள்ளைக் காண்டாமிருகங்களான நாஜினும் ஃபாட்டுவும், தாயும் மகளுமாக, ஓல் பெஜெட்டாவில்தான் இருக்கின்றன. கடைசி ஆணான சூடான் 2018 மார்ச்சில் இறந்துவிட்டது. தென்னாப்பிரிக்காவில் ஹ்லுஹ்லுவே–இம்ஃபோலோசி. 1895இல் காப்பகமாக அறிவிக்கப்பட்ட அந்த நிலத்தில்தான் தென் வெள்ளைக் காண்டாமிருகத்தின் கடைசிக் கூட்டம் தப்பிப் பிழைத்தது. 1960களில் அங்கிருந்து பிடித்து மற்ற காடுகளுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். இன்று நீங்கள் எங்கே ஒரு தென் வெள்ளைக் காண்டாமிருகத்தைப் பார்த்தாலும் அநேகமாக அதன் மூதாதை இம்ஃபோலோசிக்காரன்தான். டர்பனிலிருந்து மூன்று, மூன்றரை மணி நேரக் கார்ப் பயணம். 1860இல் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறியவர்களின் வழிவந்த தமிழர்கள் வாழும் ஊர் டர்பன். கோயில்களையும் இந்தக் காட்டையும் ஒரே பயணத்தில் சேர்க்கலாம். நம் ஆட்கள் ஏன் அதிகம் இந்தப் பக்கம் போவதில்லை என்பது எனக்கு ஆச்சரியம்தான்.

காட்டுநாய்க்கு ஒகவாங்கோ, தென்னாப்பிரிக்காவின் மடிக்வே, தெற்கு லுவாங்வா. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குட்டிகளோடு வளையை ஒட்டியே இருப்பதால் அப்போது கண்டுபிடிப்பது சுலபம். ஏற்கெனவே ஒருமுறை சஃபாரி போனவர்களுக்கு நான் சொல்வது கென்யாவின் வடக்கில் உள்ள சம்புரு. நெருக்கமான மெல்லிய கோடுகள் கொண்ட கிரேவி வரிக்குதிரை, பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்று இலை மேயும் ஜெரனுக் மான் என்று வறண்ட வட நிலத்துக்கே உரிய இனங்கள் அங்கே இருக்கின்றன, மாராவில் இல்லை.

மலைக் கொரில்லா தனிக் கதை. உகாண்டாவின் ப்விண்டியில் ஒருவருக்கு அனுமதிச் சீட்டு 800 டாலர், ருவாண்டாவில் 1,500 டாலர். ஒரு குழுவில் எட்டுப் பேர், கொரில்லாக்களோடு ஒரு மணி நேரம், பதினைந்து வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை. செங்குத்தான சேற்றுக் காட்டில் நடக்கத் தெம்பு வேண்டும்.

மூன்றாம் படி: அந்த நிலம் யாருடையது, விதி என்ன?

பெரும்பாலானோர் தாண்டிப்போகும் படி இதுதான். ஆனால் உங்கள் பயணம் எப்படி இருக்கும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பதும் இதுதான்.

தேசியப் பூங்கா என்றால் அரசின் நிலம். அங்கே பொதுவாகப் பாதையை விட்டு வண்டி இறங்கக் கூடாது, இருட்டியபின் ஓட்டக் கூடாது, வண்டியை விட்டு நீங்கள் இறங்கக் கூடாது. எத்தனை வண்டி உள்ளே வரலாம் என்பதற்குப் பல இடங்களில் வரம்பே கிடையாது. மசாய் மாரா தேசியக் காப்பகம், பெயருக்கு ஏற்ப, தேசியப் பூங்கா அல்ல. நரோக் மாவட்ட நிர்வாகத்தின் கீழ் இருக்கும் ஏறத்தாழ 1,500 சதுர கிலோமீட்டர். அதன் மேற்குப் பகுதியான மாரா முக்கோணத்தை 2001 முதல் ஒரு லாபநோக்கற்ற அமைப்பு தனியாக நிர்வகிக்கிறது. சாலையும் கண்காணிப்பும் அங்கே மேல்.

காப்பகத்தைச் சுற்றி நாபோய்ஷோ, ஓலாரே மோட்டோரோகி, மாரா வடக்கு என்று கன்சர்வன்சிகள் இருக்கின்றன. இவை மசாய் குடும்பங்களுக்குச் சொந்தமான நிலங்கள். முகாம்கள் சேர்ந்து குத்தகை எடுத்து, நிலத்துக்காரருக்கு வாடகை கொடுக்கின்றன. அதற்குப் பதிலாக நிலத்தைத் துண்டுபோட்டு வேலி கட்டாமல் விலங்குக்கு விட்டுவைக்கிறார்கள். 350 ஏக்கருக்கு ஒரு கூடாரம், சில இடத்தில் 700 ஏக்கருக்கு ஒரு கூடாரம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். வெளி வண்டிக்கு உள்ளே இடமில்லை. ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்க விடமாட்டார்கள். பாதையை விட்டு இறங்கலாம், இரவில் விளக்கோடு போகலாம், ஆயுதம் தாங்கிய வழிகாட்டியோடு நடக்கலாம். சிங்கங்களுக்கு இந்த எல்லை தெரியாது, இரண்டு பக்கமும் அதே சிங்கங்கள்தான்.

வித்தியாசத்தை ஆற்றங்கரையில் பார்க்கலாம். ஆகஸ்ட் மாதம், காப்பகத்துக்குள் மாரா ஆறு. எதிர்க்கரையில் வைல்ட்பீஸ்ட் மந்தை சேர்ந்துகொண்டே இருக்கும். முன்வரிசை சரிவில் இறங்கி, தண்ணீரை முகர்ந்து, முதலை அசைந்ததோ காற்று மாறியதோ, திடீரென்று மொத்தமாகத் திரும்பி ஓடும். மறுபடி வரும். இப்படியே மணிக்கணக்கில். இந்தக் கரையில் வண்டிகள் ரேடியோவில் சேதி கேட்டு வந்து குவிந்திருக்கும். கடைசியில் ஒன்று குதித்துவிட்டால் பின்னால் ஆயிரக்கணக்கில் குதிக்கும், தூசியும் கத்தலுமாக. அந்த நொடியில் அத்தனை என்ஜின்களும் உறுமி முன்னே பாயும். மந்தை ஏறிவர வேண்டிய வழியை ஒரு வண்டி மறைத்துவிட்டால் முன்னால் நீந்தும் விலங்குகள் தடுமாறித் திரும்பும், பின்னால் வருபவை அவற்றின் மேல் ஏறும், குட்டிகள் மூழ்கும். இதைச் செய்வது முதலை அல்ல, நல்ல போட்டோ கேட்ட விருந்தாளி. உங்கள் ஓட்டுநரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: "தூரத்தில் நின்றால் போதும், மந்தைக்கு வழிவிட்டு நிற்போம்." விருந்தாளி சொன்னால்தான் ஓட்டுநருக்குத் தைரியம் வரும். டிப்ஸ் போய்விடுமோ என்ற பயத்தில்தான் பலர் விதியை மீறுகிறார்கள்.

கன்சர்வன்சியில் தங்கி, ஒரே ஒரு முழுநாள் மட்டும் காப்பகத்துக்குள் ஆற்றுக்குப் போய்வருவது என் பரிந்துரை. இரண்டும் கிடைக்கும்.

தென்னாப்பிரிக்காவில் இதே வேறுபாடு குரூகருக்கும் அதை ஒட்டிய தனியார் காப்பகங்களுக்கும் இடையே இருக்கிறது. சாபி சாண்டுக்கும் குரூகருக்கும் இடையிலிருந்த வேலியை 1993இல் எடுத்துவிட்டார்கள். வேலி இல்லாத ஒரே காடு, இரண்டு விதமான விதிகள். குரூகரில் உங்கள் காரில் நீங்களே போகலாம். சாபி சாண்டில் தடம் பார்ப்பவர் வண்டியின் முன்னால் உட்கார்ந்து, காலடித் தடத்தைப் பிடித்துச் சிறுத்தை இருக்கும் புதர் வரை கூட்டிப்போவார். செலவு பல மடங்கு. தெரிந்துகொள்ள ஒரு நல்ல வழி: குரூகரில் சில நாள், அதன்பின் சாபி சாண்டிலோ டிம்பாவாட்டியிலோ இரண்டு இரவு.

நிலம் யாருடையது என்று கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தான்சானியாவின் லோலியோண்டோவில் 2022 ஜூனில் மசாய் மக்களின் மேய்ச்சல் நிலத்தில் 1,500 சதுர கிலோமீட்டரை அரசு காப்பகமாக அளந்து பிரித்தபோது மோதல் வெடித்தது. காடு காக்கப்பட வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்கு, அங்கே காலகாலமாக வாழும் மக்களுக்கு அதில் பங்கு கிடைக்கிறதா என்ற கேள்வியும் இருக்க வேண்டும். முகாமிடம் நேராகக் கேளுங்கள்: குத்தகை யாருக்குப் போகிறது, வழிகாட்டிகள் எந்த ஊர்க்காரர்கள்? நல்ல முகாம்கள் பெருமையோடு பதில் சொல்லும்.

சிங்கக் குட்டியைத் தூக்கிக் கொஞ்சலாம், சிங்கத்தோடு நடக்கலாம் என்று அழைக்கும் இடங்களுக்குத் தயவுசெய்து போகாதீர்கள். தென்னாப்பிரிக்காவில் அந்தக் குட்டிகள் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு அடைப்பில் வளர்பவை. வளர்ந்தபின் பல வேட்டைக்கும் எலும்பு வியாபாரத்துக்கும் போகின்றன. அந்தத் தொழிலையே முடிவுக்குக் கொண்டுவரப் போவதாக அந்நாட்டு அரசு 2021இல் அறிவித்தது.

நான்காம் படி: கூட யார் வருகிறார்கள்?

ஆறு வயதுக்குக் கீழ் பிள்ளைகள் இருந்தால் பல தனியார் முகாம்கள் திறந்த வண்டியில் ஏற்றமாட்டார்கள். மலேரியா மாத்திரை பற்றிய கவலையும் சேரும். இந்த இரண்டுக்கும் தென்னாப்பிரிக்காவில் விடை இருக்கிறது. பிலானெஸ்பெர்க், மடிக்வே, ஆடோ யானைப் பூங்கா மூன்றுமே மலேரியா இல்லாத பகுதிகள். பிலானெஸ்பெர்க் ஜோகனஸ்பர்க்கிலிருந்து சுமார் மூன்று மணி நேரத்தில் வந்துவிடும்.

முதுகு வலி, முழங்கால் வலி உள்ள பெரியவர்களோடு போனால் சாலையைப் பற்றி முதலில் விசாரியுங்கள். நைரோபியிலிருந்து மாராவுக்கு ஐந்தாறு மணி நேரம், கடைசிப் பகுதி குலுக்கி எடுக்கும். நைரோபி வில்சன் விமான நிலையத்திலிருந்து சிறு விமானத்தில் போனால் ஒரு மணி நேரத்துக்குள் முடியும். ஆளுக்கு 15 கிலோதான், அதுவும் மடங்கக்கூடிய மெத்தென்ற பையில். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியை ஏற்றமாட்டார்கள்.

சைவச் சாப்பாடு கென்யாவிலும் தான்சானியாவிலும் பிரச்சினையே இல்லை. அங்கே தலைமுறைகளாக வாழும் குஜராத்திகளால் சப்பாத்தியும் சமோசாவும் அந்த ஊர்ச் சாப்பாடாகவே ஆகிவிட்டன. பதிவு செய்யும்போதே முட்டையும் வேண்டாம் என்றால் அதையும் எழுதிக் கொடுங்கள். போட்ஸ்வானா, சாம்பியாவில் தொலைதூர முகாம்களுக்குச் சரக்கு எப்போதாவதுதான் போகும், முன்கூட்டியே சொன்னால்தான் நடக்கும்.

தானே கார் ஓட்டிப்போக விரும்புகிறவர்களுக்குக் குரூகரும் நமீபியாவின் எட்டோஷாவும். இரண்டு நாட்டிலும் நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டுகிறார்கள். குரூகரில் தார்ச்சாலையில் 50, மண்சாலையில் 40 கிலோமீட்டர்தான் வேக வரம்பு. அதையும் விடக் குறைவாக, இருபது முப்பதில் போகிறவர்களுக்குத்தான் விலங்கு தெரியும். ஸ்குகூசா முகாமிலிருந்து லோயர் சாபி முகாம் வரை ஆற்றை ஒட்டிப் போகும் சாலையில் காலையில் கிளம்புங்கள். வாசல் மூடும் நேரம் மாதத்துக்கு மாதம் மாறும், பிந்தினால் அபராதம் உண்டு.

எட்டோஷாவின் தந்திரம் நேர் எதிர்: ஓட்டாமல் உட்கார்ந்திருப்பது. ஒகாகுவேயோ முகாமின் ஓரத்தில் தாழ்ந்த கல் சுவர், அதற்குப் பின்னால் பெஞ்சுகள், எதிரே விளக்கு போட்ட நீர்நிலை. செப்டம்பர் மாலையில் வரிக்குதிரைகள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு குடிக்கும். யானைகள் வந்ததும் எல்லாம் ஒதுங்கிவிடும். இருட்டி வெகுநேரம் கழித்து, பெஞ்சில் பாதிப்பேர் தூங்கப் போனபின், கறுப்புக் காண்டாமிருகம் ஒன்று வெளிச்சத்தின் விளிம்பில் நின்று மூச்சுவிடும் சத்தம் கேட்கும். நிதானமாக முன்னே வந்து குடிக்கும். தண்ணீரை உறிஞ்சுவது காதில் விழும் அளவுக்கு அமைதி. வழிகாட்டி வேண்டாம், கட்டணச் சவாரி வேண்டாம். முகாமில் அறை இருந்தால் போதும்.

ஐந்தாம் படி: நாளும் தூரமும்

பொதுவாக ஒரு இடத்தில் மூன்று இரவுக்குக் குறைவாகத் தங்காதீர்கள். முதல் நாள் பயணக் களைப்பு. இரண்டாம் நாள்தான் வழிகாட்டிக்கு உங்கள் விருப்பம் புரிகிறது. மூன்றாம் நாள் "நேற்று அந்தச் சிங்கங்கள் எருமையைத் துரத்திக்கொண்டு போனதே, எங்கே என்று பார்ப்போம்" என்று அவரே கிளம்புவார். ஆறு நாளில் ஐந்து பூங்கா என்று விற்கும் திட்டங்களில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் நெடுஞ்சாலையைத்தான்.

வரைபடத்தை நம்பிவிடாதீர்கள். மாராவும் செரங்கெட்டியும் ஒட்டியே இருக்கின்றன, ஆனால் சுற்றுலா வண்டி நேராக எல்லை தாண்ட முடியாது. இசெபானியா சோதனைச்சாவடி வரை சுற்றிப்போய், அங்கே வண்டியும் ஓட்டுநரும் மாறி, மறுபடி உள்ளே வர வேண்டும். ஒரு முழு நாள் போய்விடும். முதல் பயணத்தில் இரண்டில் ஒன்று போதும். மாராவிலிருந்து அம்போசெலிக்குச் சாலையில் போவதும் ஒரு முழு நாள்தான்.

ங்கோரோங்கோரோ பள்ளத்துக்கு ஒரு நாள் போதும். 600 மீட்டர் ஆழம், தரை சுமார் 260 சதுர கிலோமீட்டர், காலையில் இறங்கி மாலைக்குள் ஏறிவிட வேண்டும். ஒட்டகச்சிவிங்கி அதன் தரையில் கிடையாது, எதிர்பார்த்து ஏமாறாதீர்கள்.

ஆறாம் படி: பணம் எங்கே போகிறது

நுழைவுக் கட்டணத்தை யாரும் முதலில் சொல்வதில்லை. மசாய் மாராவில் வெளிநாட்டவருக்கு ஜனவரி முதல் ஜூன் வரை நாளொன்றுக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர் என்று 2024இல் உயர்த்தினார்கள், சீட்டு 12 மணி நேரம்தான் செல்லும். செரங்கெட்டியில் பருவக் காலத்தில் வரியோடு 80 டாலரைத் தாண்டும். ங்கோரோங்கோரோவில் வண்டி ஒருமுறை பள்ளத்தில் இறங்க மட்டும் 300 டாலர் பக்கம் தனி. குரூகரில் 600 ராண்டுக்குச் சற்று மேல், அதாவது மாராவின் உச்சக் கட்டணத்தில் ஐந்தில் ஒரு பங்கு. நான்கு பேர் குடும்பத்துக்கு இதைப் பெருக்கிப் பாருங்கள். கட்டணங்கள் அடிக்கடி மாறும் என்பதால் பதிவு செய்யும் வாரத்தில் பூங்காவின் தளத்திலேயே சரிபார்க்கவும்.

ஏஜெண்ட் விலை சொன்னதும் கேட்க வேண்டியவை: நுழைவுக் கட்டணம் சேர்ந்ததா, எத்தனை நாளுக்கு? கன்சர்வன்சி கட்டணம் தனியா? முகாம் காப்பகத்தின் உள்ளேயா, வாசலுக்கு வெளியேயா, வெளியே என்றால் வாசல் வரை எத்தனை நிமிடம்? வண்டி லேண்ட் குரூசரா, வேனா? ஒரு வண்டியில் எத்தனை பேர், எல்லோருக்கும் ஜன்னலோர இருக்கையா? நாள் முழுக்க அந்த வண்டி எங்களுக்கா, இரண்டு சவாரி மட்டுமா? "மாரா முகாம்" என்று எழுதிவிட்டு வாசலுக்கு வெகுதூரத்தில் தங்கவைப்பது உண்டு. முகாமின் பெயரைக் கேட்டு வாங்கி வரைபடத்தில் நீங்களே தேடுங்கள். பெயர் சொல்லாமல் "அதற்கு இணையான விடுதி" என்று மட்டும் எழுதினால் பணம் கட்டாதீர்கள்.

செலவைக் குறைக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு நல்ல வழி கென்யாவின் சாவோ. நைரோபி–மொம்பாசா ரயிலில் ஏறி வோய் நிலையத்தில் இறங்கினால் கிழக்கு சாவோவின் வாசல் பக்கத்திலேயே. செம்மண் பூசிய யானைகள், பெருங்காடு, கூட்டம் குறைவு. 1898இல் அங்கே ரயில் பாலம் கட்டியபோது இந்தியத் தொழிலாளர்கள் பலரைச் சிங்கங்கள் அடித்துத் தின்ற இடமும் அதுதான். கூடவே மொம்பாசா கடற்கரையையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஏழாம் படி: ஊசியும் விசாவும்

கென்யாவுக்கோ உகாண்டாவுக்கோ போய்த் திரும்பும்போது இந்திய விமான நிலையத்தில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. ஊசி போட்டுப் பத்து நாள் ஆனபின்தான் அட்டை செல்லும். ஒருமுறை போட்டால் ஆயுள் முழுவதும் போதும். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போட முடியும், சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அவற்றில் ஒன்று. அறுபது வயதைத் தாண்டியவர்களும் முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். கென்யாவிலிருந்து நேராகத் தென்னாப்பிரிக்கா போனால் அங்கேயும் இந்த அட்டை வேண்டும். மலேரியா மாத்திரை எது, எப்போது தொடங்குவது என்பதையும் அதே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கென்யாவுக்கு 2024 முதல் இணையவழிப் பயண அனுமதி, தான்சானியாவுக்கு இணையவழி விசா. தென்னாப்பிரிக்க விசாவுக்கு வாரக்கணக்கில் ஆகலாம், டிக்கெட்டை அதற்கேற்ப எடுங்கள். பிளாஸ்டிக் பையோடு கென்யாவில் இறங்காதீர்கள், 2017 முதல் தடை. பூங்காக்களுக்குள் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் தடை உண்டு.

சேர்த்துப் பார்த்தால்

மே விடுமுறை, சிறு பிள்ளைகள் என்றால்: பிலானெஸ்பெர்க்கில் மூன்று இரவு, ஆடோவில் மூன்று இரவு, இடையில் விமானம். பிள்ளைகள் வளர்ந்தவர்கள் என்றால் குரூகரில் இரண்டு முகாமாகப் பிரித்து ஐந்து இரவு, கையில் பணம் இருந்தால் கடைசியில் சாபி சாண்டில் இரண்டு இரவு.

செப்டம்பர் கடைசி, முதல் சஃபாரி என்றால்: அம்போசெலியில் மூன்று இரவு, விமானத்தில் மாரா, கன்சர்வன்சியில் நான்கு இரவு, அதில் ஒரு நாள் ஆற்றுக்கு. இரண்டாம் தடவை போகிறவர்கள் அம்போசெலிக்குப் பதில் சம்புரு.

பிப்ரவரியில் விடுப்பு எடுக்க முடிந்தவர்களுக்கு: ந்டூட்டுவில் நான்கு இரவு, வழியில் ங்கோரோங்கோரோவில் ஒன்று. மேல்விளிம்பில் இரவு நன்றாகக் குளிரும்.

முதலில் முகாமில் இடத்தை உறுதி செய்துகொண்டு, பிறகு விமான டிக்கெட் எடுங்கள். ஜூலை முதல் அக்டோபர் வரையிலான மாரா கன்சர்வன்சிகள், ஒகவாங்கோ, குரூகரின் ஆற்றோரக் குடில்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரு வருடம் முன்பே நிரம்ப ஆரம்பித்துவிடும். மே மாதக் குரூகருக்கு ஆறு மாதம் முன்பே பதிவு செய்தால் பெரும்பாலும் இடம் கிடைக்கும். அங்கே லோயர் சாபி, சடாரா முகாம்கள் நிரம்பியிருந்தால் பெர்க்–என்–டால் முகாமைப் பாருங்கள்.